காற்றெடுக்கும் மீன்

புருஷன் மாரியைத் தலையணைகளில் சாய்த்து உட்கார வைப்பதற்குள் ரத்னாவுக்கு வியர்த்துக் கொட்டிவிட்டது. படுக்க வைத்தால் அந்த மனுஷனுக்கு மூச்சு முட்டுகிறது. நுரையீரல் இரண்டும் பாழ், இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று செங்கல்பட்டு ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பிவிட்டார்கள்.

அந்த நேரம் பார்த்துத்தானா நாத்தனார் காசியம்மாள் டம்ளரில் பாலோடு வந்து நிற்க வேண்டும்!

"நவுரு ரத்னா. உசுரு இழுத்துகினு கீது பாரு. ஆளுக்கு ஒரு வாய் ஊத்துனாத்தான் நிம்மதியா போவான்."

"வாணாம் அண்ணி. அவரால முழுங்க முடியாது. பொரை ஏறிடும்."

"போறவனுக்குப் பொரை ஏறுனா இன்னா, ஏறாங்காட்டி இன்னா? தொண்டை நனையாம அனுப்புவியா? நீ நல்லா இருப்பியாடி?"

வாசற்படியில் நின்ற மகன் ஷ்யாம், "அத்த சொல்றத கேளும்மா" என்றான். சிறுசேரி கம்பெனிக்குக் கார் ஓட்டுகிறவன். யாரோடும் சண்டை கூடாது அவனுக்கு.

ரத்னா நகரவில்லை. நீரில் மூச்சு முட்டிச் சாவது என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியும். அதுவும் மீன் செத்துத் தெரிந்துகொண்டது!

மாரிக்கு உப்பங்கழியில் உளுவை பிடிக்கிற வேலை. சேற்றில் துள்ளித் திரியும் விரல் நீள மீன், தலைக்கு மேலே தவளைக் கண். நீர் வற்றினால் மற்ற மீனெல்லாம் தவிக்கும். இது வெளிக்காற்றையே மூச்சிழுத்துக்கொண்டு, துடுப்பை ஊன்றி நடந்து வந்து ஜாலியாக வெயில் காயும். தூண்டில்காரர்கள் இரைக்கு வாங்குவார்கள். கல்யாணமான புதிதில், பக்கெட்டில் சேறும் ஒரு கை நீருமாகக் கிடந்த உளுவைகளைப் பார்த்து மனசு கேட்காமல், விளிம்பு வரை நீர் ஊற்றித் தட்டுப் போட்டு மூடிவிட்டாள் ரத்னா. விடிந்து பார்த்தால் அத்தனையும் மிதக்கிறது.

"அடிப்பாவி, மீனையே முழுவடிச்சு சாவடிச்சிட்டியே!" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான் மாரி. குப்பத்துக்கே சொல்லி அவள் மானத்தை வாங்கினான்.

அப்புறம் கழிக்குக் கூட்டிப்போய்க் காட்டினான். ஆண் மீன் ஒன்று வாய் உப்பக் காற்றை அடைத்துக்கொண்டு வளைக்குள் போனது. வெறும் வாயோடு வந்தது. மறுபடி போனது.

"உள்ள முட்ட கீது. அதுக்குக் காத்து வோணும்ல? வாயிலயே எடுத்துகினு போறான் பாரு." முட்டைக் காலத்தில் வளைக்குள் கை விடவே மாட்டான் மாரி.

அப்படி வாயால் அள்ளிக் கொடுக்க முடிந்தால் இந்த நிமிஷம் கொடுத்திருப்பாள் ரத்னா. கடவுளே, முடியலையே! கட்டிலில் ஏறி அவன் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து, தன் நெஞ்சோடு அவனை நிமிர்த்திப் பிடித்து, வாய்க்குக் குறுக்கே கையை வைத்துக்கொண்டாள்.

காசியம்மாள் டம்ளரை இறக்கவில்லை. பொல்லாதவளா அவள்? பாவம், பெற்றவள் போன பிறகு கைக்குழந்தையாக இருந்த மாரியை இடுப்பில் தூக்கி வளர்த்தவள்.

"சங்குல பால் ஊத்தி நான் வளத்த புள்ளடி."

"தெரியும் அண்ணி" என்றாள் ரத்னா. கண்ணில் நீர் பொலபொலவென்று கொட்டியது. கையை மட்டும் எடுக்கவில்லை.

வெகுநேரம் மாரியின் நெஞ்சு அவள் கைக்குள் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. இழுவை மெல்ல மெல்லத் தணிந்தது. ஒரு மூச்சு வந்தது. அடுத்ததற்காகக் காத்திருந்தாள் ரத்னா. மூக்கருகே புறங்கையை வைத்துப் பார்த்தாள். மறுபடி வைத்துப் பார்த்தாள்.

பிறகு கையை எடுத்தாள்.

"இப்ப ஊத்துங்க அண்ணி. இனிமே பொரை ஏறாது."

காசியம்மாள் ஊற்றிய பால் கடைவாய் வழியாகக் கழுத்துக்கு இறங்கியது. ரத்னா முந்தானையால் துடைத்துவிட்டு, அவன் தலை சரியாமல் பிடித்துக்கொண்டாள்.