விட்டுப்போன கறுப்பு வயர்

மானத்துக்கு விலை கிடையாது என்பார்கள். அரியலூர் நல்லதம்பியின் மிக்சி ரிப்பேர் கடையில் அது ஒன்பது ரூபாய்க்குப் போனது, அதுவும் அடுத்தவர் மானம்.

நல்லதம்பி புதிதாக விற்பது கோழிமுட்டையில் குஞ்சு பொரிக்கும் பெட்டி. உள்ளே சூட்டைப் பரப்பும் விசிறியின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற போர்டுக்கு புரோகிராம் எழுதுவது, விக்கிரமங்கலத்திலிருந்து பஸ்ஸில் வரும் கலையரசி. முதல் பெட்டியை வாங்கிப்போன ஏலாக்குறிச்சி மரிய ஆல்பர்ட் அதைத் திருப்பித் தூக்கிக்கொண்டு வந்தார். விசிறி நினைத்தால் சுற்றுகிறது, நினைத்தால் நிற்கிறது, எழுபதும் கூமுட்டையாய்ப் போச்சு என்றார்.

நல்லதம்பி மீட்டரை எடுத்து போர்டின் அவுட்புட்டில் வைத்தார். அஞ்சு வோல்ட் காட்ட வேண்டிய இடத்தில் ரெண்டரை. தராசு பார்த்தே வளர்ந்த கண்ணுக்கு, அளவில் பாதி குறைகிறது என்பதைத் தவிர வேறென்ன தோன்றும்?

கலையரசி பொறுமையாகத்தான் சொன்னாள். வருவது அஞ்சு வோல்ட்தான். விநாடிக்கு ஆயிரம் தரம் திறந்து மூடுகிறது, பாதி நேரம் திறப்பு, பாதி நேரம் மூடல். மீட்டர் பாவம், சராசரியைச் சொல்கிறது. பாதி வேகத்துக்கு அதுதான் சரி.

"அளக்கிறவன்கிட்டயே அரைப்படி போடுறியா? எங்கயோ காப்பியடிச்சதைக் கொண்டாந்து என் தலையில கட்டியிருக்க" என்றார் நல்லதம்பி.

அது ஆல்பர்ட் காதில் விழுந்தது. டீ கொண்டுவந்த ராசாங்கம் கேட்டார். மிக்சிக்கு ஜார் விலை விசாரித்துக்கொண்டிருந்த ஒரு அம்மாளும் கேட்டார். கலையரசி பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

ஆல்பர்ட்டும் போனபின் நல்லதம்பி வேறு போர்டு மாற்றினார். அதிலும் ரெண்டரைதான், விசிறி அசையவில்லை. கலையரசி தன் கையால் செய்துவைத்த மாதிரிப் பெட்டியில் அளந்தார். அங்கேயும் ரெண்டரை. ஆனால் விசிறி ஜோராய்ச் சுற்றியது.

போர்டுக்குத் தனி சப்ளை, விசிறிக்குத் தனி சப்ளை. மாதிரிப் பெட்டியில் இரண்டின் மைனஸையும் ஒரு கறுப்பு வயர் சேர்த்திருந்தது. விற்ற பெட்டியில் அது இல்லை, அதனால் போர்டு சொல்வது விசிறிக்கு எட்டவில்லை. ஆளுக்கொரு கறுப்பு இருக்கே, நடுவுல இன்னொண்ணு எதுக்கு, ஒம்போது ரூவா மிச்சம் என்று வயரிங் செய்த அன்றைக்குப் பிடுங்கிப்போட்டவர் நல்லதம்பிதான். ஒரு துண்டு வயரை வைத்து இணைத்தார். விசிறி சுற்றியது. காற்று முகத்தில் அடித்தும் முகம் எரிந்தது.

'லூஸ் காண்டாக்ட்' என்று ஒரு சொல் இருக்கிறது, ரிப்பேர்க்காரர்களுக்கென்றே கடவுள் கொடுத்தது. ஆல்பர்ட்டுக்கு போன் போட்டு அதையே சொல்லிவைத்தார்.

"அந்தப் பொண்ணை நிறுத்திட்டீங்கள்ல? நல்லதுங்க" என்றார் ஆல்பர்ட்.

நல்லதம்பி போனை வைத்தார். கடையைப் பூட்டிவிட்டு விக்கிரமங்கலம் போனார். கலையரசி வீட்டு வாசலில் நின்றபடியே, வயரைப் பிடுங்கியது முதல் ஒன்று விடாமல் ஒப்பித்தார்.

"எங்கிட்ட எதுக்குண்ணே சொல்றீங்க? நான் காப்பியடிக்கலைன்னு எனக்குத் தெரியாதா? யார் யார் காதுல விழுந்துச்சோ அவங்ககிட்ட சொல்லுங்க. சொல்லி முடிச்சதும் வேலைக்கு வரேன்" என்றாள் கலையரசி.

ராசாங்கத்திடம் மறுநாள் காலை, டீ குடிக்க நின்ற நாலு பேருக்கும் கேட்கும்படி சொன்னார். ஆல்பர்ட்டிடம் ஏலாக்குறிச்சிக்கே போய், முகத்தைப் பார்க்காமல் பெட்டியைப் பார்த்துச் சொன்னார். அந்த அம்மாள்தான் யாரென்று தெரியவில்லை. ஜாரும் வாங்கவில்லை, பேரும் சொல்லவில்லை. திருமானூர் பஸ்ஸில் ஏறியதாக ராசாங்கம் சொன்னார், அவ்வளவுதான்.

கேட்டவர்கள் மூன்று. சொன்னது இரண்டு. பாக்கி ஒன்று.