கேதரின் எழுந்திருக்க மாட்டாள்

1

முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். இந்தக் கதை எனக்குத் தோன்றியது அல்ல, கேட்டு வாங்கியது. குருத்தோலை ஞாயிற்றுக்காகக் கோயிலில் ஓலை கிழித்துக்கொண்டிருந்தபோது கேதரின் சொன்னாள். மலேசியாவில், செமிலிங் பக்கத்துத் தோட்டத்தில் ரப்பர் மரம் சீவுகிறவள். சொல்லி முடித்துவிட்டு, "நான் செஞ்சது பாவமா டீச்சர்?" என்று கேட்டாள். பதிலை எழுதிப் பார்க்க வீட்டுக்குப் போய் உட்கார்ந்தேன்.

*அலோர் ஸ்டார் நகரின் ஆற்றோரத்தில், ஒரு காலத்தில் சீன வணிகரின் மாளிகையாயிருந்த அந்தப் பன்னிரண்டு அறை விடுதி, தன் பளிங்குத் தூண்களால்*

(இந்த வாக்கியத்தை இங்கேயே விட்டுவிடுகிறேன். அப்படிப்பட்ட விடுதிக்குள் நான் கால் வைத்ததே இல்லை. பளிங்கு இருந்ததா என்று கேதரினிடம் கேட்டேன். "தரை சில்லுனு இருந்துச்சு. பளிங்கான்னு எனக்கு எப்படித் தெரியும் டீச்சர்?" என்றாள். ஆகவே தரை சில்லென்று இருந்தது. அவ்வளவுதான்.)

2

1983. கோயில் திருவிழாக் குலுக்கலில் கேதரினுக்கு முதல் பரிசு விழுந்தது. அந்த விடுதியில் இருவருக்கு ஓர் இரவு, மறுநாள் காலைச் சாப்பாட்டோடு. சீட்டு கைக்கு வருவதற்குள் ஆளாளுக்கு யோசனை சொல்ல வந்துவிட்டார்கள். உனக்கெதுக்கு ஹோட்டல், இரண்டாம் பரிசுக்கு மாற்றிக்கொள், அது மின்சார அரிசிப் பானை, காலத்துக்கும் உதவும் என்றார்கள். அவள் மாற்றவில்லை.

அவளுக்கு அங்கே ஒன்றே ஒன்றுதான் வேண்டியிருந்தது. இருபது வருடமாக மரத்தடியில் நின்றுகொண்டே பசியாறியவள் அவள். ஒரு கையில் ரொட்டி, மறு கையில் வாளி. ஒரே ஒரு நாள் நாற்காலியில் உட்கார்ந்து, வேறொருவர் கொண்டுவந்து வைக்க, அவசரமில்லாமல் பசியாற வேண்டும்.

(இது சின்ன ஆசைதானே என்று நினைக்கிறவர்கள் இந்தப் பக்கத்தோடு நின்றுவிடலாம். கோபமில்லை.)

3

கணவன் லியோனார்ட் தோட்டத்து ஆலையில் வேலை செய்பவன். விடுதியில் படுக்கும்போதே சபதம் போட்டான். "நாளைக்கு, வேலைக்கு வெரட்டுற எந்த மண்டோரும் என்னை எழுப்ப முடியாதுலா. மூக்குல வெயில் பட்டாத்தான் எந்திரிப்பேன்."

கேதரினுக்கோ நாலரைக்கே விழிப்பு வந்துவிட்டது. போர்வையை மடித்தாள். குளியலறைத் தரையைத் துடைத்தாள். அதற்குமேல் அந்த அறையில் அவளுக்கு வேலை இல்லை. வெறுங்காப்பி கிடைக்குமா என்று கைலியும் லியோனார்டின் பழைய சட்டையுமாகப் பின்படி வழியே இறங்கினாள். கீழே வாசலில் விளக்கு எரிந்தது. விடுதியைக் கூட்டிப் பெருக்கும் பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேர் வரிசையாக நின்றார்கள். ஓர் ஆள் பட்டியலைப் பார்த்துப் பெயர் படித்துக்கொண்டிருந்தார்.

பிரட்டு.*

அவளுடைய கால் தானாகவே போய் வரிசையின் கடைசியில் நின்றது.

"ராக்காயி."

பதில் இல்லை.

"ராக்காயி. வந்திருக்கா இல்லையா?"

தோட்டத்திலும் இப்படித்தான், பக்கத்து வீட்டுக்காரி பிள்ளையைக் குளிப்பாட்டி விட்டுவருவதற்குத் தாமதமாகும். அவள் பெயருக்குக் கேதரின்தான் குரல் கொடுப்பாள். அவள் வரும்வரை அவளுடைய நிரையிலும் நாலு மரம் சீவி வைப்பாள். ஒரு பெயர் கூப்பிடப்பட்டு, பதிலில்லாமல் கிடப்பதை அவளால் தாங்க முடியாது.

"இருக்கேன்" என்றாள்.

கையில் விளக்குமாறு வந்துவிட்டது.

\* பிரட்டு: தோட்டத்தில் விடியுமுன் பெயர் கூப்பிடும் நேரம். அங்கே இல்லாதவருக்கு அன்று வேலை இல்லை.

4

இந்த இடத்தில் கேதரினை நான் கொஞ்சம் சந்தேகித்தேன். தப்பாக வாய் விட்டுவிட்டாள், சரி. உடனே "நான் இங்கே தங்க வந்தவள்" என்று சொல்லியிருக்கலாமே? கேட்டேன். சொல்லத்தான் வாயெடுத்தாளாம். பக்கத்தில் நின்றவள் அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். ராக்காயி ஏற்கெனவே இரண்டு நாள் வரவில்லை, பிள்ளைக்குக் காய்ச்சல், இன்றும் இல்லையென்றால் பட்டியலில் பேரை அடித்து வேலையை விட்டு நிறுத்திவிடுவார்கள் என்று முணுமுணுத்தாள்.

கேதரின் வாயை மூடிக்கொண்டு கூட்டத் தொடங்கினாள். முதலில் செய்தது பழக்கம். இரண்டாவது, அவள் யோசித்துச் செய்தது. (இந்த இரண்டு வாக்கியங்களுக்காகத்தான் இத்தனை பக்கமும்.)

பட்டியல்காரர் பெயர் மனோகரன். வேலைக்கு வந்து இரண்டு வாரந்தான் ஆகிறது. முகங்கள் இன்னும் பழகவில்லை. ஒருமுறை மட்டும் கிட்டே வந்து, மூலையில் இலை கிடக்கிறது என்று கேதரினைத் திட்டினார். ஆறரைக்கு ராக்காயி மூச்சிரைக்க ஓடிவந்தபோது பாதி வாசல் சுத்தமாகியிருந்தது. கேதரின் விளக்குமாற்றைக் கொடுத்தாள். "அக்கா, நீங்க யாரு?" என்று ராக்காயி கேட்டதற்கு, "மொதல்ல அந்த மூலையைக் கூட்டு, திட்டுறாரு" என்றாள்.

5

குளித்து, சேலை கட்டி, ஏழரைக்குச் சாப்பாட்டுக் கூடத்தில் போய் உட்கார்ந்தாள். பாதித் தூக்கத்திலிருந்த லியோனார்டைப் பின்னால் வரச் சொல்லிவிட்டிருந்தாள். வெள்ளைத் துணி விரித்த மேசை. தட்டில் முட்டை வந்தது. சிலுவை போட்டுக்கொண்டு கரண்டியை எடுத்தாள்.

அந்தக் கூடத்துக்கும் மனோகரன்தான் மேற்பார்வை. வந்தார், பார்த்தார், குனிந்து தாழ்ந்த குரலில் சொன்னார்.

"நீ ராக்காயிதானே? சேலை மாத்திக்கிட்டு வந்து இங்க உக்காந்தா எனக்குத் தெரியாதா? எந்திரி."

சன்னலுக்கு வெளியே உண்மையான ராக்காயி கூட்டிக்கொண்டிருந்தாள். நான் ராக்காயி இல்லை என்று கேதரின் சொன்னால் அவளுக்கு வேலை போகும். ஆமாம் என்று சொன்னால் இந்த நாற்காலி போகும்.

முதல் முடிவு: *கேதரின் எழுந்தாள். தலைகுனிந்து, சமையற்கட்டு வழியாக*

(இதை முழுதாக எழுதிப் பார்த்தேன். நன்றாகவே வந்தது. படிக்கிறவர்கள் அழுதிருப்பார்கள். அதனால்தான் கிழித்தேன். எங்கள் பெண்களை எழுப்பி அனுப்பியே எத்தனையோ கதை எழுதியாகிவிட்டது. இன்னொன்று என் கையால் வேண்டாம்.)

இரண்டாம் முடிவு: *அறைச் சாவியை எடுத்து மேசைமேல் வைத்தாள். மனோகரன் முகம் வெளுத்து, கை கட்டி*

(கைதட்டல் கிடைக்கும். ஆனால் ராக்காயி விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்துவிட்டு வீட்டுக்கு நடப்பாள். அவள் முதுகை யார் பார்ப்பது?)

நடந்தது இது.

"உக்காந்துதான் பேசுவேன் தம்பி" என்றாள் கேதரின். "என் பேரு கேதரின். ஏழாம் நம்பர் ரூம். காலையில ராக்காயின்னு கூப்பிட்டப்ப இருக்கேன்னு சொன்னது நான்தான். பாதி வாசல் நான் கூட்டினேன், மீதியை அவ கூட்டுறா. போய்ப் பாருங்க. வேலை நடந்திருக்கா, இல்லையா?"

மனோகரன் திணறிப்போனார். இது ஆள்மாறாட்டம், முதலாளிக்குத் தெரிந்தால் என் வேலையும் போகும், அவள் பேரை அடிக்காமல் விட முடியாது என்றார். அவர் குரலில் இருந்தது கோபமல்ல, பயம். (இதைக் கேதரின் அழுத்திச் சொன்னாள். அவரைக் கெட்டவராக எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாள்.)

"அடிங்க. அடிச்சீங்கன்னா, நான் கூட்டினது என்னோடது, திருப்பி எடுத்துக்குவேன். அந்தக் குப்பையை அள்ளிட்டு வந்து வாசல்லயே கொட்டிட்டு, மறுபடி இங்க வந்து உக்காருவேன். அப்புறம்தான் பசியாறுவேன்."

லியோனார்ட் தலைகூடச் சீவாமல் வாசற்படியில் நின்றிருந்தான். எப்போதிலிருந்து நிற்கிறான் என்று தெரியவில்லை. வா போயிடலாம் என்று கூப்பிட்டுவிடுவானோ என்றுதான் அவளுக்குப் பயம். அவன் வந்து பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"கொட்டுறதுன்னா சொல்லு கேத்தி. கூடையை நான் தூக்குறேன்லா."

பரிமாறுகிற பெரியவர் ஒருவர், யாரும் சொல்லாமலே, நடுவில் வந்து இருவருக்கும் காப்பி ஊற்றிவிட்டுப் போனார்.

6

இனி என் பதில். பாவமில்லை, கேதரின். பத்துக் கட்டளைகளையும் மறுபடி வாசித்துவிட்டுத்தான் சொல்கிறேன். பங்குச் சாமியார் வேறு சொன்னால் சொல்லட்டும். அவரிடமும் இதையே சொல்வேன். வர முடியாதவளுக்காக நீ அங்கே இருந்தாய். ஆண்டவர் நம் எல்லாருக்கும் செய்தது அதைத்தான் என்று நம்புகிறேன்.

மனோகரன் அந்தப் பேரை அடித்தாரா? கேதரினுக்குத் தெரியும், என்னிடம் சொல்லியும் இருக்கிறாள். நான் எழுதப்போவதில்லை. அடித்தார் என்றால் பெருமூச்சு விட்டுப் புத்தகத்தை மூடுவீர்கள். விட்டுவிட்டார் என்றால் நிம்மதியாக மூடுவீர்கள். இரண்டுக்கும் நான் சம்மதிக்கவில்லை.

பட்டியலும் பென்சிலுமாக மனோகரன் நின்றுகொண்டிருக்கிறார். முட்டை ஆறிக்கொண்டிருக்கிறது. அவர் இடத்தில் நீங்கள் நில்லுங்கள். என்ன செய்வீர்களோ செய்யுங்கள். ஆனால் அதை, உட்கார்ந்திருக்கும் அவளிடம் சொல்லுங்கள்.