பலகை மறைத்த கடை

சினிப்ரோத் கடைத்தெருவில் புதுக்கல் பதித்து முடித்த அன்று, நகராட்சி இன்ஜினியர் தெமெனுகா ரப்பர் பூட்ஸோடு வந்து, குடிதண்ணீர் பாட்டிலைத் திறந்து நடுத்தெருவில் ஊற்றினாள். ரொட்டிக்கடை வாசலில் நின்ற பென்கா நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள். யாராவது நல்ல காரியத்துக்குக் கிளம்பினால், அது தண்ணீராய் ஓடட்டும் என்று வாசலில் ஒரு செம்பு நீர் ஊற்றி அனுப்புவது அந்த ஊர் வழக்கம்.

"படிச்ச பொண்ணா இருந்தாலும் பாரு, தெருவுக்கே நல்லது நெனச்சு ஊத்துறா," என்றாள் பென்கா.

தெமெனுகா எதையும் நினைக்கவில்லை. குத்துக்காலிட்டு உட்கார்ந்து, தண்ணீர் எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்தாள். அது நிதானமாக, விருந்துக்கு வருவதுபோல, மெதோடியின் உடுப்புக் கடை வாசலை நோக்கிப் போனது. அவள் எழுந்தாள்.

"சர்ச் முனை வரைக்கும் கல்லைப் பெயர்த்து எடுங்க."

கான்ட்ராக்டர் சிரித்தார். "அம்மா, சரிவுல அரை விரல் வாட்டம்தான் தப்பியிருக்கு. யாருக்குத் தெரியப்போகுது?"

"தண்ணிக்குத் தெரியுமே."

கடைமுன் நின்ற பலகைத் தடுப்பின் இடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த மெதோடி கையிலிருந்த அளவு நாடாவைக் கீழே வைத்தான். அவன் துணி வியாபாரிகளுக்கு நடுவில் தவழ்ந்து வளர்ந்தவன். சரக்கில் குறை கண்டால் விலையைக் குறைத்துக் கேட்பார்கள். அதைப் பார்த்துப் பார்த்தே அவனுக்குத் தலை நரைத்துவிட்டது. குறை கண்டதும் விலைப்பேச்சே இல்லாமல் சரக்கைத் திருப்பி அனுப்புகிறவளை அன்றுதான் பார்த்தான்.

"இவ மட்டும் கடை போட்டிருந்தா, நாமெல்லாம் ஷட்டரை இழுத்துட்டு ஊரைப் பார்த்துப் போக வேண்டியதுதான்," என்றான் மனைவி யோர்தான்காவிடம். உதட்டில் குண்டூசிகளை வைத்துக்கொண்டு ஒரு கவுனின் இடுப்பைப் பிடித்துக்கொண்டிருந்த அவள், "நமக்கு ஷட்டரே தேவையில்லை. அதான் பலகை இருக்கே," என்றாள் பல்லிடுக்கில்.

அந்தப் பலகைதான் இப்போது மெதோடியின் தலைவலி. மழைக்காலத்தில் தெருவைத் தோண்டியபோது அவன் கடைக்கு முன்னால் கேபிளுக்கு ஆழமாகக் குழி வெட்டினார்கள். யாரும் விழுந்துவிடாமல் ஆளுயரத்துக்கு மேல் பிளைவுட் தடுப்பு வைத்தார்கள். உள்ளே நுழைய ஓரத்தில் ஓர் இடுக்கு, பருத்த ஆசாமி பக்கவாட்டில்தான் போக வேண்டும். கம்பிகள் எல்லாம் மண்ணுக்கடியில் போனதால் பழைய மின்கம்பங்களையும் பிடுங்கிவிட்டார்கள். தெரு அழகாகத்தான் ஆனது. ஆனால் அந்தக் கம்பங்கள்தான் ஊருக்கே செய்தித்தாள். யார் செத்தார்கள், யாருக்கு நாற்பதாம் நாள், யாருக்கு வருஷ நினைவு என்று படம் போட்டு அச்சடித்த நோட்டீஸை அங்கேதான் ஒட்டுவார்கள். கம்பம் போனதும் ஊர் சுற்றுமுற்றும் பார்த்தது. கண்ணில் பட்டது மெதோடியின் கடைமுன் நின்ற பலகை.

முதலில் ஒரு கிழவரின் இரங்கல் நோட்டீஸ் வந்தது. அதன் பக்கத்தில் அடுப்பு விறகு விற்பனை, காணாமல் போன பூனை, தேவாலயத்தில் பாட்டுக்குழுவுக்கு ஆள் தேவை, மறுபடி இரங்கல். தெருவேலை எதுவரை வந்திருக்கிறது, நாளை எந்தச் சந்து அடைப்பு என்று தெமெனுகாவும் தன் கையால் எழுதி அங்கேயே ஒட்டினாள். காலையில் ரொட்டி வாங்க வருகிறவர்கள் பலகையைப் படிக்காமல் வீட்டுக்குப் போவதில்லை.

மார்ச் போய் ஏப்ரல் வந்தது. கல்லைப் பெயர்த்து மறுபடி பதித்தாயிற்று. தள்ளுவண்டியும் சக்கர நாற்காலியும் ஏற ஓரக்கல்லைச் சரித்தாயிற்று. விளக்கு எரிந்தது. குழியும் மூடியாயிற்று. பலகை மட்டும் நின்றது. மேஸ்திரி ரங்கேல் கடப்பாரையோடு வந்து, முன்னால் நின்று, தொப்பியைக் கழற்றி, திரும்பிப் போய்விட்டான்.

"என்னய்யா, எடுக்கலையா?" என்று மெதோடி பின்னாலேயே ஓடினான்.

"எப்படிண்ணே எடுக்குறது? நேத்து செத்த மனுஷன் சிரிச்சுக்கிட்டு என்னையே பாக்குறாரு. நான் கிழிச்சா என் கை விளங்குமா? மழையில தானா கரைஞ்சு போகட்டும்."

இரங்கல் நோட்டீஸை அந்த ஊரில் மனிதக்கை கிழிக்காது. மழையும் காற்றும்தான் கிழிக்க வேண்டும். மழையும் பெய்யத்தான் செய்தது, பலகை மேல் மட்டும் பெய்யவில்லை. வாடிக்கையாளர் நனையக் கூடாதென்று மெதோடியே போன மழைக்காலத்தில் கடைச் சாய்ப்பைப் பலகையையும் தாண்டி நீட்டிக் கட்டியிருந்தான், அதுவும் முதல் தரமான கித்தானில்.

ஏப்ரல், மே என்றால் பள்ளி முடிக்கும் பெண்கள் விடைபெறும் விருந்துக்குக் கவுன் எடுக்கும் காலம். ஊர் மொத்தமும் வீட்டு வாசலில் நின்று அவர்களை வழியனுப்பும். மெதோடியின் கடை வருஷம் முழுக்க உட்கார்ந்து சாப்பிடுவது இந்த இரண்டு மாத வியாபாரத்தை. அன்று காலையில் ஒரு தாயும் மகளும் வந்தார்கள். மகள் பெயர் திலியானா. கண்ணாடி அலமாரியில் சிவப்பு கவுன் இருப்பது பலகை இடுக்கு வழியாகக் கையகலம் தெரிந்தது.

"அம்மா, செவப்பு..."

"செத்தவங்களைத் தாண்டிப் போயா கவுன் எடுப்ப? பஸ் ஸ்டாண்டுப் பக்கம் இன்னொரு கடை இருக்கு, வாடி."

மெதோடி நேராக நகராட்சிக்குப் போனான்.

"இன்ஜினியரம்மா, சீசன் இன்னும் ஒரு மாசம். பலகை போகலைன்னா நான் போயிடுவேன். போற சேதியையும் அதுலயே ஒட்டிடுறேன்."

தெமெனுகா சிரிக்கவில்லை. "அண்ணே, அதுல எங்க அப்பாவோட ஆறாம் மாச நோட்டீஸும் இருக்கு. நான் கிழிக்க மாட்டேன். யாரையும் கிழிக்கச் சொல்லவும் மாட்டேன்."

மெதோடி தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டான். அவளே தொடர்ந்தாள்.

"கிழிக்க வேண்டாம். பலகையை அப்படியே தூக்கிட்டுப் போய் வேற எடத்துல வெப்போம். எடந்தான் கெடைக்கலை. சர்ச் பழைய கட்டடம், ஆணி அடிக்கக் கூடாதாம். ரொட்டிக்கடையில சாப்புடுற எடம்ங்கிறாங்க. உங்க கடைக்குப் பக்கவாட்டுச் சுவர் வெறுமனே இருக்கே, சந்துப் பக்கம்?"

"முன்னால கல்யாண கவுன், பக்கத்துல கருமாதியா? நல்லா இருக்கும்மா வியாபாரம்."

"அப்ப பலகை முன்னாலயே இருக்கட்டுமா?"

மெதோடி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டான். இது அவனுக்குத் தெரிந்த மொழி.

"சந்து முழுக்கச் சேறு. சுவரு ஓசியில வேணும்னா, சந்துக்குக் கல்லு போடணும்."

"சந்து திட்டத்துலயே இல்லையே அண்ணே."

"அப்ப சுவரும் திட்டத்துல இல்ல. ஒரு விளக்கும் வேணும். படிக்கிறவங்க உக்கார ஒரு பெஞ்சு."

அவள் பேனாவால் மேஜையைத் தட்டிக்கொண்டு ரொம்ப நேரம் யோசித்தாள். "விளக்கு தரேன். கல்லு தரேன். பெஞ்சு முடியாது."

"பெஞ்சு நான் போட்டுக்குறேன்," என்று மெதோடி சட்டென்று கை நீட்டினான், அவள் மனசு மாறுவதற்குள்.

வெளியே வந்து சந்து முனையைத் திரும்பியபோதுதான் பார்த்தான். பெயர்த்ததில் மீந்த கற்கள் சுத்தம் செய்து, தார்ப்பாய் போட்டு மூடி, சந்தின் வாயிலேயே அடுக்கியிருந்தன. ரங்கேல் அதன்மேல் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தான்.

"இது எப்ப இருந்துடா இங்க இருக்கு?"

"ரெண்டு வாரமாண்ணே. மேல பள்ளிக்கூடத்துக்கு இந்தச் சந்துதான் குறுக்குவழி, பிள்ளைங்க சேத்துல வழுக்குதுங்கன்னு அம்மா எடுத்து வெச்சாங்க. சுவர் கெடைச்சதும் ஆரம்பின்னு சொல்லியிருக்காங்க."

மெதோடி தார்ப்பாயைத் தூக்கி ஒரு கல்லைத் தடவிப் பார்த்தான். தான் கேட்டு வாங்கியதாக நினைத்ததை எல்லாம் அவள் கொடுப்பதற்கென்றே அடுக்கி வைத்திருக்கிறாள். அவளுக்கு வேண்டிய சுவரை மட்டும் அவன் வாயாலேயே வாங்கிக்கொண்டாள். கோபம்தான் வர வேண்டும். அவனுக்கோ யாரிடமாவது சொல்லிப் பெருமைப்பட வேண்டும்போல் இருந்தது. கடைக்குள் போய், "என்னை ஒருத்தி ஏமாத்திட்டாடி," என்றான். முகமெல்லாம் சிரிப்பு. யோர்தான்கா பயந்துபோனாள்.

சந்தில் கல் பதித்ததும் பலகையைப் பெயர்த்தார்கள். ரங்கேலும் ஆட்களும் ஆளுக்கொரு மூலையில் பிடித்துத் தோளில் ஏற்றினார்கள். தெருவில் ஒருவரும் சொல்லவில்லை, ஆனால் தொப்பிகள் தானாகவே இறங்கின. பென்கா பின்னால் நடந்தாள். அவளுக்குப் பின்னால் ரொட்டிக்கடைக்காரர், அவருக்குப் பின்னால் பையோடு வந்தவர்கள். காணாமல் போன பூனைக்கும் விறகு விற்பனைக்கும் சேர்த்து மரியாதை கிடைத்தது. தன் அப்பாவின் படம் கடந்து போனபோது தெமெனுகா தலை குனிந்தாள். பிறகு ரசமட்டத்தை எடுத்துச் சுவரில் வைத்து, "இடது பக்கம் கொஞ்சம் தூக்குங்க," என்றாள்.

"இதுக்குச் சாய்ப்பு போடவா?" என்று கேட்டான் மெதோடி.

"வேணாம்ணே. மழை அது வேலையைச் செய்யட்டும்."

மறுநாளே வேலை பார்த்தது அந்தச் சந்து. பள்ளி விட்டதும் பெண்கள் கும்பலாய் இறங்கினார்கள். பலகையின் முன் நின்றார்கள், தெரிந்த பெயர் இருந்தால் சிலுவை போட்டார்கள், மூலை திரும்பினால் கண்ணாடி அலமாரி. திலியானா தனியாகவே வந்தாள்.

"பஸ் ஸ்டாண்டுக் கடையில எடுக்கலையா?" என்று கேட்டாள் யோர்தான்கா.

"அங்க எல்லாம் பாத்தேன் அக்கா. இந்தச் செவப்பு கண்ணுல நின்னுடுச்சு. அம்மா நாளைக்கு வர்றாங்க. சந்துல கல்லு போட்டதுலயிருந்து அவங்களும் இந்த வழிதான்."

விருந்து நாளன்று திலியானா கடையிலேயே உடுத்திக்கொண்டு கிளம்பினாள். கவுன் தரையைக் கூட்டிக்கொண்டு வந்தது. யோர்தான்கா செம்பில் தண்ணீரும் ஒரு பூவும் எடுத்து வந்து, வழக்கப்படி அவள் முன்னால் வாசலில் ஊற்றினாள். தாய்க்காரி, "ஐயையோ, ஓரம் நனையும்," என்று பதறிக் குனிந்தாள்.

நனையவில்லை. தண்ணீர் கல்மேல் ஒரு கணம் நின்று, கடைவாசலுக்கும் கவுனுக்கும் முதுகைக் காட்டி, நடுத்தெரு வடிகாலைப் பார்த்து ஓடியது. மெதோடி குத்துக்காலிட்டு உட்கார்ந்து, பூ வடிகால் விளிம்பில் போய் நிற்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்ன மாமா தேடுறீங்க?" என்று கேட்டாள் திலியானா.

"ஒண்ணுமில்லம்மா. வாட்டம் பாக்குறேன். நீ நேரா நட."