நாற்பத்தேழாம் லாட்டில் நின்ற செயற்கைக்கோள்

சென்ற ஆண்டு ஜூன் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ஆயுள் முடிந்த செயற்கைக்கோள் ஒன்று மெதுவாக இறங்கி வந்து, பிரிக்ஃபீல்ட்ஸ் அடுக்குமாடி ஒன்றின் நாற்பத்தேழாம் பார்க்கிங் லாட்டில் கோடு தாண்டாமல் நின்றது. அன்று முருங்கைக்காய் கிலோ ஒன்பது வெள்ளி.

அது பவுனம்மாளின் லாட். பஸ் ஓட்டுநராக இருந்த கணவர் விஜயன் இறந்து, காரையும் விற்று மூன்று வருடமாகியும் அவள் அங்கே யாரையும் நிறுத்த விட்டதில்லை. காலி லாட்டை மாதக் கடைசியில் வேறொருவருக்குக் கொடுத்துவிடப் போவதாக நிர்வாகக் குழு மூன்று கடிதம் போட்டிருந்தது.

பவுனம்மாள் முதலில் அதில் போன் நம்பர் இருக்கிறதா என்றுதான் சுற்றி வந்து பார்த்தாள். அடுத்தவன் காரை மறித்து நிறுத்துகிறவன்கூடக் கண்ணாடியில் நம்பரை வைத்துவிட்டுத்தான் தே தாரேக் டீ குடிக்கப் போகிற ஊர் இது. கோடிக்கணக்கில் செலவழித்து அனுப்பியவர்கள் ஒரு துண்டுச் சீட்டுகூட வைத்திருக்கவில்லை.

விண்வெளி நெரிசலைப் பற்றி நட்சத்திர ஓட்டலில் மூன்று நாள் மாநாடு நடத்திக்கொண்டிருந்த குழு, மதியச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு பதாகையோடு வந்தது. தலைவர் டத்தோ பரமேஸ்வரன் விளக்கினார்.

"மேல இடமே இல்லம்மா. ஒண்ணு மேல ஒண்ணு மோதினா ஆயிரம் துண்டாப் போயிடும். வேலை முடிஞ்சதும் இடத்தைக் காலி பண்ணணும். அதான் எங்க கொள்கை."

"இது காலி பண்ணிடுச்சே, டத்தோ."

"பெர்மிட் இல்லாம பண்ணியிருக்குலா."

அனுப்பிய நிறுவனம் எப்போதோ மூடப்பட்டிருந்தது. எந்த நாடும் உரிமை கோரவில்லை. வெள்ளிக்கிழமை லோரியில் ஏற்றி டெங்கில் பழைய இரும்புக் கிடங்கில் உடைப்பதென்று முடிவாயிற்று.

சாயங்காலம் பவுனம்மாள் அதைத் தொட்டுப் பார்த்தாள். ஷிப்ட் முடிந்து வந்து நிற்கும் காரின் பானெட்டில் இருக்கிற அதே சூடு. ஒரு நாளைக்குப் பதினைந்து தடவை பூமியைச் சுற்றியிருக்கிறது. கடைசிப் பன்னிரண்டு வருடம் அதை யாரும் கூப்பிடவே இல்லை. வீட்டுக்குப் போய் ஓர் அட்டையில் தன் நம்பரைப் பெரிதாக எழுதி வந்து ஒட்டினாள்.

வெள்ளிக்கிழமை லோரிக்காரர் சிவநேசன் அந்த நம்பருக்கு அடித்தார்.

"அக்கா, இது யாரோடது?"

"எங்க வீட்டோடது. வழிய மறைக்குதா?"

"இல்லக்கா. ஒழுங்காத்தான் நிக்குது."

அவர் வெறும் லோரியோடு திரும்பினார். லாட் காலியாக இல்லாததால் நிர்வாகக் குழு கடிதங்களைத் திரும்பப் பெற்றது. மாநாடு இதைத் தன் சாதனைகளில் ஏழாவதாகச் சேர்த்துக்கொண்டது. தீபாவளிக்குள் செராஸில் இரண்டு செயற்கைக்கோள்களும் செமினியில் ஒன்றும் இறங்கின. அந்தந்த வீட்டுக்காரர்கள் நம்பர் எழுதி ஒட்டினார்கள்.

பவுனம்மாள் ஞாயிறுதோறும் அதை ஈரத்துணியால் துடைக்கிறாள். வெயில் நாட்களில் அதன் இறக்கைமேல் மோர்மிளகாய் காயப்போடுகிறாள். ஒரே நாளில் காய்ந்துவிடுகிறது.