ஒரு சாண் உயரத்துத் திராட்சை

விஜயலெட்சுமியின் திராட்சைக் கொடி மண்ணை விட்டு ஒரு சாண் மேலே எழும்பியது ஆடி மாதம் மூன்றாவது செவ்வாய்க்கிழமை, வேலைக்கு ஆள் பிரிக்கிற காலைப் பெரட்டுக்குச் சங்கு ஊதிய நேரத்தில். உரம் வராமல் மடுல்சீமைத் தேயிலையெல்லாம் மஞ்சளடித்துப்போன வருஷம் அது. பதுளையில் பால்மாவுக்கு வரிசை நின்றார்கள். அதனால் கொடி எழும்பிய செய்தி பஸ் ஏறிப் பதுளை போய்ச் சேர இரண்டு நாளானது. சேர்ந்த பிறகும், வருகிற வழியில் எந்தக் கடையிலாவது பால்மா கண்டீர்களா என்றுதான் முதலில் கேட்டார்கள். மடுல்சீமைக்காரர்களுக்குப் பொய் சொல்லத் தெரியாது என்று நான் சொல்லவில்லை. இந்த விஷயத்தில் பொய்க்கு வேலை இருக்கவில்லை.

கொடி வந்த கதை அதற்கு நான்கு வருஷம் முந்தையது. விஜயலெட்சுமி பதினெட்டு வயதில் கொழுந்துக்கூடையை மாட்டியவள். கணவர் அழகையா நெஞ்சுவலியில் போய்விட்டார். மகள் துஷாந்தினி படித்து முடித்துக் கொழும்பில் துணிக்கடையொன்றில் நின்றாள். தோட்டத்து லயத்தின் வரிசை வீடுகளில் கடைசிக் காம்பராவில் இவள் தனியே இருந்தாள். லயத்துக்குப் பின்னால் உள்ள துண்டு நிலத்தில் கோவா, லீக்ஸ், கீரை என்று எதையும் போடலாம், ஆனால் ஒரு வருஷத்துக்கு மேல் நிற்கிற பயிர் மட்டும் வேர் பிடிக்கக் கூடாது என்பது தோட்டத்துச் சட்டம். இன்றைக்கு மரம் வைத்தவன் நாளைக்கு மண்ணையும் கேட்பான் என்று தோட்டத்தை நடத்துகிற துரைமாருக்குப் பயம். அந்தப் பயத்தில் நியாயம் இருந்தது. ஐந்து தலைமுறையாக மலை மலையாகத் தேயிலை நட்ட குடும்பத்துக்குத் தன்னுடையது என்று காட்ட ஒரு செடி இல்லை என்பது விஜயலெட்சுமிக்குத் தொண்டையில் மாட்டிய முள்ளாக இருந்தது. பதுளைக் கடைவீதியில் பழக்கடை வைத்திருந்த மஹ்ரூப், யாழ்ப்பாணத்து லொறியில் வந்த திராட்சைத் தண்டு ஒன்றை ஈரச் சாக்கில் சுற்றிக் கொடுத்தபோது, அவள் அதைச் சேலைத் தலைப்பில் மறைத்து எடுத்து வந்தாள். வைன் போடுகிற சாதி அது. பழம் சின்னது, கறுப்பு, கொட்டை பெரிது, புளிப்பு அதிகம்.

தண்டு துளிர்த்தது. விஜயலெட்சுமிக்குத் தெரிந்த செடி ஒன்றே ஒன்று. ஆகவே கொடியை இடுப்பளவில் மட்டமாக வெட்டிக் கவ்வாத்துப் பண்ணினாள். துளிர் வந்ததும் எட்டு நாளுக்கு ஒரு தரம் இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளினாள். கை தானாகவே போனது. இரண்டு வருஷம் அந்தத் திராட்சை தேயிலைச் செடி மாதிரியே தட்டையாகப் படர்ந்து, ஒரு பூவைக்கூடக் காட்டவில்லை. மஹ்ரூப் ஒரு நாள் பஸ் ஏறி வந்து பார்த்துவிட்டு, சிரிப்பை அடக்கக் கல்லில் உட்கார்ந்தார்.

"தங்கச்சி, இது தேயில இல்ல. வெட்டினது சரி, வெட்டத்தான் வேணும். கொழுந்து எடுக்க வாணாம். அதுலதான் பூ வாறது."

"கை கேக்க மாட்டேங்குது நானா."

"அப்ப கையக் கட்டிப் போடுங்க."

அவள் அதையே செய்தாள். கொடியின் பக்கம் போகும்போதெல்லாம் வலது கையைத் தலைப்பால் இடுப்போடு கட்டிக்கொண்டாள். பழைய தண்ணீர்க் குழாய்களை ஊன்றிக் கம்பி இழுத்தாள். இலையில் சாம்பல் பூத்தபோது பசும்பாலில் தண்ணீர் கலந்து தெளித்தாள். மூன்றாம் வருஷம் காய் பிடித்ததும் கொண்டைக்குருவிகளுக்குப் பயந்து ஒவ்வொரு குலைக்கும் பழைய பேப்பரில் சட்டை போட்டாள். கொடி கூரை வரை ஏறியது. கூரை வரை ஏறியதை யாரிடமிருந்து மறைப்பது? நான்காம் வருஷ ஆடியில் பெரிய துரைக்கு அடுத்த சின்னத்துரை வந்து, வெள்ளிக்கிழமைக்குள் பிடுங்கிவிட வேண்டும், இந்த மண்ணில் வேர் விட்டதெல்லாம் கம்பனிக்குச் சொந்தம் என்று சொல்லிப் போனார்.

விஜயலெட்சுமி அழவில்லை. அழுதிருக்கலாம், யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவள் திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டு மண் கிண்டுகிற இரும்பு முள்ளை எடுத்து, ஒரு வேரும் அறாமல் சுற்றிக் கிளறினாள். செம்பு செம்பாகத் தண்ணீர் ஊற்றி வேர்களைக் கழுவினாள். நூல் வேர்களுக்குப் பழைய பல் பிரஷ். கழுவி விழுந்த மண்ணைக் கொழுந்துக்கூடையில் சேர்த்தாள். செவ்வாய்க்கிழமை விடிந்தபோது கொடியின் அடிமரம் அவள் தோளில் சாய்ந்திருந்தது. பக்கத்துக் காம்பரா ராசம்மா பெரட்டுக்குக் கிளம்பியவள் நின்று பார்த்தாள்.

"மண்ண விட்டுரு. மண்ணு அவங்களுது" என்று விஜயலெட்சுமி கொடியிடம் சொன்னதை ராசம்மா தன் காதால் கேட்டிருக்கிறாள்.

சங்கு ஊதியது. பெரட்டுக்கு நேரமாகிவிட்டதே என்று விஜயலெட்சுமி தோளை எடுத்தாள். விழப்போகிறது என்று ராசம்மா கையை நீட்டினாள். கொடி விழவில்லை. வேர்களெல்லாம் தொங்க ஒரு சாண் உயரத்தில் நின்றது. விஜயலெட்சுமி கூடையைத் தூக்கிக்கொண்டு ஆபீசுக்குப் போனாள்.

"தொர, ஒங்க மண்ணு. ஒரு பொடி விடாம கொண்டாந்துட்டேன். கொடி என்னுது."

சின்னத்துரை அடிக்கோலைக் கொண்டுவந்து வேருக்கும் தரைக்கும் நடுவில் விட்டு இழுத்தார். தட்டுப்படாமல் போய் வந்தது. தலைமைக் காரியாலயத்துக்கு எழுதினார். கொடியின் நிழல் கம்பனி மண்ணில் விழுகிறதே என்று இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. அடுத்த நாளிலிருந்து நிழல் கூரைத் தகரத்தில் மேல்நோக்கி விழுந்தது. அதற்குப் பிறகு கடிதம் இல்லை.

கொடி மூடுபனியைக் குடித்து வளர்ந்தது. உரமில்லாமல் மலை முழுக்க வாடிய காலத்தில் அது இரண்டு போகம் காய்த்தது. மஹ்ரூப்பின் தராசில் வைத்தால் அந்தப் பழத்துக்கு நிறை காட்டவில்லை, தட்டு அசையவே இல்லை. அவர் தராசைத் தட்டிப் பார்த்தார், திட்டிப் பார்த்தார், கடைசியில் குலைக் கணக்கில் விற்கத் தொடங்கினார். மிஞ்சியதில் விஜயலெட்சுமி ஒரு சாடி வைன் போட்டாள். வைன் சாடியின் கழுத்தில் நின்றது, அடியில் வெறும் காற்று. தலைகீழாகக் கவிழ்த்துத்தான் ஊற்ற வேண்டியிருந்தது, அதுவும் மெதுவாக.

அடுத்த வருஷம், ஐம்பத்தைந்து வயதில், தோட்டத்து ஆள்கணக்குப் புத்தகமான செக்ரோலில் அவள் பெயரை வெட்டினார்கள். குடும்பத்தில் யாரும் தோட்டத்தில் பெயர் பதியவில்லை என்றால் காம்பராவைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஒரு மாதம் தவணை.

"அம்மா, பேசாம இங்க வந்துருங்க. ஒத்தக் காம்பராவுக்கு எதுக்கு மல்லுக்கட்டுறீங்க?" என்று துஷாந்தினி போனில் கேட்டாள்.

"வந்துரலாம்டி. நான் வந்துட்டா இங்க யாரு இருந்தான்னு கேட்டா காட்ட என்னா இருக்கு?"

மறுநாள் விஜயலெட்சுமி முள்ளை எடுத்துக் காம்பராவின் அத்திவாரத்தில் குத்தினாள்.

மூன்றாம் நாள் ராசம்மா வந்து சேர்ந்தாள். ஒரு வாரத்தில், மலையிலிருந்து இறங்கிய பெண்கள் கொழுந்தைக் கொட்டிவிட்டு, கூடைகளைக் கவிழ்த்து வைக்காமல் நேரே அங்கே வந்தார்கள். அத்திவாரத்தை ஒவ்வொரு கல்லாகக் கழுவினார்கள். அடுத்த காம்பராவோடு ஒட்டிய சுவரில் ஏற்கனவே கை போகிற வெடிப்பு இருந்தது, அதைப் பிரித்துவிடச் சிரமமில்லை. இருநூற்றுச் சொச்சம் கூடை மண் ஆபீஸ் வாசலில் குன்றாகக் கிடந்தது. தவணை முடிகிற நாள் மத்தியானம் கழுவ எதுவும் மிஞ்சவில்லை. காம்பரா மட்டும் எழும்பவில்லை. சின்னத்துரை பூட்டுடன் வந்து ரோட்டில் நின்றார். பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

விஜயலெட்சுமி வாசற்படியில் உட்கார்ந்தாள். காலைத் தூக்கி மடியில் வைத்தாள். முப்பத்தேழு வருஷம் மலை ஏறிய குதிகாலில் வெடிப்பு வெடிப்பாக, அதற்குள் கறுப்பாகத் தோட்டத்து மண். தேங்காய்ப் பொச்சால் தேய்த்தாள். ராசம்மா தண்ணீர் ஊற்றினாள். வலித்தது, தேய்த்தாள். நகக்கண்ணைக் குச்சியால் எடுத்தாள். கடைசித் தண்ணீரைக் கூடையடியில் விரித்த சாக்கில் வடித்து, சாக்கைச் சின்னத்துரையின் காலடியில் வைத்துவிட்டுத் திரும்பி வந்து படியில் உட்கார்ந்தாள். காம்பரா அவளையும் சேர்த்து ஒரு சாண் மேலே எழும்பியது. சின்னத்துரை சாக்கைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போனார், அவரும் பாவம் என்ன செய்வார்.

தோட்டத்து ஆட்களின் கடிதமெல்லாம் ஆபீஸ் பெட்டியில் விழும். யாராவது எடுத்துத் தந்தால் உண்டு, இல்லையென்றால் பரீட்சைக்கான அழைப்பும் அங்கேயே மட்கும். புரட்டாசியில் மடுல்சீமைத் தபால்காரர் முதல் தடவையாக லயத்துப் பாதையில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். இந்த வீடு தோட்டத்து மண்ணில் இல்லை என்பதால் இதன் கடிதத்தைத் தோட்டத்து ஆபீசில் போட முடியாது என்று அவருக்குச் சொல்லியிருந்தார்கள். துஷாந்தினி அனுப்பிய கடிதம். உறையில் அம்மாவின் பெயர், கீழே 'வீடு', அதன் கீழே மடுல்சீமை. தபால்காரர் வாசலில் போட்டிருந்த கல்லில் ஒரு காலை வைத்து, பெயரைச் சத்தமாக வாசித்து, இதுதானா என்று கேட்டார்.

"ஆமாங்க" என்றாள் விஜயலெட்சுமி. "பாத்து ஏறுங்க, படி கொஞ்சம் ஒசரம்."