ஆள் உள்ளே

ஞாயிற்றுக்கிழமை லைன் ஓடாது. மெஷின்களைப் பிரித்துப் பார்க்கிற நாள் அது. வல்லம் வடகாலில் நான் தரை துடைக்கிற கம்பெனியில், அந்த ஞாயிறு மட்டும் பாதி ஷெட்டை மெட்ராஸ் ஓவியக்காரர்களுக்குக் கொடுத்திருந்தார்கள். 'உழைப்பின் உடல்' என்று கண்காட்சியாம். உழைக்கிறவர்களில் எனக்கு மட்டும்தான் அழைப்பு வந்தது, அதுவும் டீ கொடுக்க.

வந்த கூட்டத்தைப் பார்க்க வேண்டுமே! மே மாத வெயிலில் கழுத்து முதல் கணுக்கால் வரை கறுப்பு உடை. ஒருத்தர் மெக்கானிக் போடுகிற பாய்லர் சூட்டைப் புத்தம்புதிதாக வாங்கி, அதில் அளவாகக் கிரீஸ் கறை வரைந்து போட்டுக்கொண்டு வந்திருந்தார். அதே கறையைப் போக்க நான் வாராவாரம் சோப்போடு மல்லுக்கட்டுகிறேன். பெண்கள் காதில் கைக்குக் கிடைத்ததெல்லாம் தொங்கியது, ஒருத்திக்குப் போல்ட்டு, ஒருத்திக்கு ஸ்பூன். ஆண்கள் கொண்டை போட்டிருந்தார்கள். எதைப் பார்த்தாலும் தலையை ஒரு பக்கம் சாய்த்து "ம்ம்" என்றார்கள். சுவரில் ஒட்டியிருந்த ஓவர்டைம் பட்டியலை ஒருவர் போட்டோ எடுத்து, இது கவிதை என்றார். என் பேரும் அதில் இருந்தது.

என் வீட்டுக்காரர் வேல்ராஜ் அங்கேயே ஃபிட்டர், கான்ட்ராக்ட். காலையிலேயே வாஷிங் மெஷினுக்குள் நுழைந்துவிட்டார். துணி துவைக்கிற மெஷின் இல்லை இது. ஆள் தவழ்ந்து போகிற குகை மாதிரி இருபது அடி நீளம். இரும்புப் பாகங்களைச் சங்கிலி உள்ளே இழுத்துப் போகும், மேலும் கீழும் சுடுதண்ணீர் பீய்ச்சும். உள்ளே போகிறவர் மெயின் சுவிட்சை அணைத்து, தன் போட்டோ ஒட்டிய சிவப்பு அட்டையை அதில் மாட்டிவிட்டுப் போக வேண்டும். 'தொடாதே, ஆள் உள்ளே' என்று அதில் எழுதியிருக்கும். மாட்டினவரேதான் வந்து கழற்ற வேண்டும். பூட்டும் போட வேண்டுமாம். கான்ட்ராக்ட் ஆளுக்குப் பூட்டு வந்துசேரவில்லை, அட்டை மட்டும் வந்தது.

பதினோரு மணிக்கு டீ ட்ரேயோடு போனேன். கனிஷ்கா என்று ஒரு அம்மா, துணிமணி டிசைன் செய்கிறவளாம், கப்பை எடுக்கக் குனிந்தாள். இடது காதில் சிவப்பாக ஒன்று ஆடியது. பார்த்தால் என் புருஷன். பாஸ்போர்ட் சைஸில் முறைத்துக்கொண்டு தொங்குகிறார். அடுத்தவள் காதில் புருஷன் தொங்கினால் பெண்டாட்டிக்குப் பொறாமை வரலாம். எனக்கு அந்த அட்டை தொங்க வேண்டிய மெயின் சுவிட்ச்தான் ஞாபகம் வந்தது.

"யம்மா, இத்த எங்கேர்ந்து எட்த்த?"

"அழகா இருக்குல்ல ஆன்ட்டி? அங்க ஒரு டப்பால சும்மா தொங்கிட்டிருந்துச்சு. எவ்ளோ ராவா இருக்கு பாருங்க, அந்த முகம்!"

"அது என் வூட்டுக்காரரு! மெஷினுக்குள்ள கீறாரு!"

"வாவ்," என்றாள். "உங்க கதைய அப்புறம் ரெக்கார்ட் பண்ணிக்கிறேன்."

ட்ரேயை அங்கேயே போட்டுவிட்டு ஓடினேன். ஏனென்றால், குத்துவிளக்கு ஏற்றுவது பழசு என்று, சீஃப் கெஸ்ட் அந்த மெஷினின் பச்சைப் பட்டனை அழுத்தித்தான் கண்காட்சியைத் திறப்பதாக ஏற்பாடு. சங்கிலிச் சத்தம்தான் உழைப்பின் மந்திரமாம். வேலை முடிந்ததும் அட்டையைக் கழற்றிவிடுவதாக வேல்ராஜ் சொல்லியிருந்தார். அட்டை இல்லையென்றால் ஆள் வெளியே வந்தாயிற்று என்று அர்த்தம். சூப்பர்வைசர் வரதராஜன் சார் வந்து பார்த்திருக்கிறார், அட்டை இல்லை. உள்ளே ஒரு குரல் கொடுத்திருக்கலாம், பாவி மனுஷன் கொடுக்கவில்லை. மெயினைப் போட்டுவிட்டு, சாப்பாட்டு வண்டியைப் பார்க்க கேட்டுக்குப் போய்விட்டார்.

கூட்டம் மெஷினைச் சுற்றிக் கண்ணை மூடி நின்றிருந்தது. உழைப்பாளிகளுக்காக ஒரு நிமிட மௌனமாம். உயிரோடு இருக்கிறவனுக்கு எதற்கு மௌனம் என்று நினைத்தபடியே கத்தினேன்.

"நிறுத்துங்கய்யா! உள்ள ஆள் கீது!"

ஒரு கொண்டைக்காரர் உதட்டில் விரல் வைத்தார். நாலைந்து போன்கள் என் பக்கம் திரும்பின. தலைகள் ஒரு பக்கமாகச் சாய்ந்தன. கூட்டத்தைப் பிளந்துகொண்டு போகிறேன், வழிவிடாமல் என்னையே ரசித்துக்கொண்டு நிற்கிறார்கள். சீஃப் கெஸ்ட் நான் கத்தி முடிக்கிற வரைக்கும் மரியாதையாகக் காத்திருந்தார். பிறகு பச்சையை அழுத்தினார்.

சங்கிலி கடகடவென்று இழுத்தது. தூணில் இருந்த சிவப்புக் குமிழை இரண்டு கையாலும் அறைந்தேன். ஆபத்தென்றால் அதை அடி என்று வேலைக்குச் சேர்ந்த அன்றே சொல்லித் தருவார்கள். மெஷின் நின்றது. இரண்டு வினாடி ஓடியிருக்கும். கூட்டம் கைதட்டியது.

குகை வாயில் தலையை விட்டேன். கும்மிருட்டு.

"யோவ்!"

தோள் வரைக்கும் உள்ளே நுழைத்தேன்.

"யோவ், இன்னாயா, எதுனா பேசுய்யா!"

என் குரல்தான் திரும்பி வந்தது. பின்னால் கைதட்டல் இன்னும் ஓயவில்லை. அவ்வளவு பயம் நான் பட்டதே இல்லை, பிரசவத்தில்கூட. கையோ காலோ போனால் போகட்டும், ஆளை மட்டும் விட்டுவிடு என்று சாமியிடம் பேரம் பேசினேன்.

முதலில் பூட்ஸ் தெரிந்தது. அப்புறம் இடுப்பு. வேல்ராஜ் பின்பக்கமாகவே ஊர்ந்து வெளியே வந்தார். முகம் வெளுத்திருந்தது, வாய் திறந்து திறந்து மூடியது. வலது தோளிலிருந்து சட்டைக் கை மொத்தமும் காணோம். சங்கிலி அதைப் பிடித்து இழுத்திருக்கிறது. துணி கிழிந்ததால் கை தப்பியது. தண்ணீர் சூடேறாததால் உடம்பு தப்பியது. தோளில் சிவப்பாக ஒரு கோடு மட்டும் இருந்தது. நான் கட்டிப்பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதேன்.

அழுதுகொண்டிருக்கும்போதே கறுப்புப் புடவை ஒன்று பக்கத்தில் வந்து நின்றது. கனிஷ்கா. வேல்ராஜின் தோளில் தொங்கிய கிழிசலை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தாள்.

"காட்! எங்க டெய்லருங்க தலைகீழா நின்னாலும் இப்படி ஒரு கிழிசல் வராது. அண்ணா, இத யார் பண்ணாங்க?"

அவருக்குப் புரியவில்லை. என் முகத்தைப் பார்த்தார்.

"நீதாம்மா," என்றேன்.

முதலில் சிரித்தாள். நான் சிரிக்காததைப் பார்த்தாள். கை காதுக்குப் போயிற்று. அட்டையைக் கழற்றி, அதிலிருந்த முகத்தையும் எதிரே நின்ற முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். பிறகு எழுத்துக் கூட்டிப் படித்தாள். "தொடாதே... ஆள்..." மீதியைப் படிக்கவில்லை. அந்த விலையுயர்ந்த புடவையோடு எண்ணெய்த் தரையில் உட்கார்ந்துவிட்டாள். எனக்கு அவளைத் தூக்கிவிடத் தோன்றவில்லை.