சோபாக்காரரின் அழைப்பு

திங்கட்கிழமையிலிருந்து முழுநேரமும் பாட்டுதான் என்று புது மேனேஜர் சொன்னதும் அக்கா கையிலிருந்த ஹெட்போனை மேஜைமேல் வைத்தாள்.

அக்கா என்பது நேயர்கள் வைத்த பெயர். தினமும் காலையில் வானொலி நிலையத்தில் உட்கார்ந்து, போனில் கூப்பிடுகிறவர்களின் வீட்டுச் சண்டைகளையெல்லாம் தன் தலையில் போட்டுக்கொள்பவள்.

“இவ்வளவு பெரிய நகரம்க்கா. அடுத்தவங்க கதையைக் கேக்க யாருக்குப் பொறுமை இருக்கு? பேச்சு நிகழ்ச்சிக்கு இனிமே எதிர்காலமே இல்லை.”

“பாட்டு அவங்கவங்க போன்லயே இருக்கே தம்பி. அதுக்கு ரேடியோ எதுக்கு?”

மேனேஜர் சிரித்துவிட்டார். “சரி, இன்னிக்கு நானும் கூட உக்கார்றேன். போன் வந்தா யோசிக்கலாம்.”

நிகழ்ச்சி ஆரம்பமானது. ‘கல்யாணத்துக்கு அப்புறம் நீங்கள் விட்டுக்கொடுத்தது என்ன?’ என்று கேட்டுவிட்டுக் காத்திருந்தாள். அழைப்பு வந்தால் எரியவேண்டிய விளக்குகள் வரிசையாகச் செத்துக் கிடந்தன. ஒரு காலத்தில் இவை அணைந்ததே இல்லை. பேருந்திலும் கடையிலும் அக்காவின் குரல்தான். ஒருத்தி மாமியாரைப் பற்றி மூக்கைச் சிந்தினால், நகரத்தில் பாதிப் பேர் அவள் கட்சி, பாதிப் பேர் மாமியார் கட்சி.

அதற்கும் முன்னால், யாருமே கூப்பிடாத ஆரம்ப நாட்களும் இருந்தன. அப்போது கை கொடுத்தவன் ஒலிப்பதிவாளன். கழுத்தில் எப்போதும் ஒரு ஒயர் தொங்குவதால் அவனுக்கு ‘ஒயர்’ என்றே பெயர். மனைவி படுக்கையறையிலிருந்து சோபாவுக்குத் துரத்திய கணவனாகக் குரலை மாற்றி, டீ போடும் அறையிலிருந்து அவன்தான் கூப்பிடுவான். சோபாக்காரருக்கு மன்னிப்பு கிடைத்ததா என்று கேட்கவே ஜனங்கள் கூப்பிட ஆரம்பித்தார்கள். நிஜ அழைப்புகள் குவிந்ததும் சோபாக்காரரை எல்லோரும் மறந்துபோனார்கள்.

“டீ குடிச்சுட்டு வந்துடறேன் தாயே,” என்று ஒயர் எழுந்தான். அக்காவுக்குப் புரிந்துவிட்டது. வேண்டாம் என்று கண்ணைக் காட்டினாள். அவன் கவனிக்காத மாதிரி நழுவினான்.

ஒரு விளக்கு எரிந்தது.

“அக்கா... நான்தான். சோபா.”

அவளையும் மீறிச் சிரிப்பு வந்தது. “என்னங்க, இன்னுமா சோபா?”

“சோபா மாறிடுச்சுக்கா, நான் மாறலை. இப்பல்லாம் அவ துரத்தறதில்லை. என் குறட்டைக்கு வெக்கப்பட்டு நானே வந்துடறேன்.”

அவன் போனை வைத்த கையோடு அடுத்த விளக்கு எரிந்தது. ஒரு டாக்ஸி டிரைவர். “சோபா அண்ணனா அது? மனுஷன் இன்னும் திருந்தலையா?” பிறகு இன்னொன்று. பிறகு ஒரு வயதான பெண்.

“சோபாக்காரர் கட்சி எங்க வீட்டுக்காரர். நான் பொண்டாட்டி கட்சி. காலையில தட்டை வெச்சுக்கிட்டு இதுக்கே சண்டை போடுவோம். அவர் போயி வருஷமாச்சு. இன்னிக்கு அந்தக் குரலைக் கேட்டதும், என்னையும் அறியாம அவர் நாற்காலியைத் திரும்பிப் பார்த்துட்டேன்மா.”

அக்கா ஒரு பாட்டைப் போட்டுவிட்டு மைக்கை மூடினாள்.

மேனேஜர் துள்ளி எழுந்தார். “அந்த சோபா மனுஷன் நம்பரை வாங்குங்க! தினமும் அவரைப் பேச வெச்சா நிகழ்ச்சியை நிறுத்தவே வேண்டாம்!”

தலையை ஆட்டினால் போதும், பிழைப்பு நிலைத்துவிடும். ஆனால் அந்தப் பெண்ணின் குரல் இன்னும் காதை விட்டுப் போகவில்லை. பார்த்தது வெறும் நாற்காலி என்றாலும், அவள் பேசியது நிஜம். இனி தினமும் அவளிடம் நாடகம் ஆடுவதா?

“நம்பர் வேண்டாம் தம்பி. ஆளே வர்றார் பாருங்க.”

டீயும் கையுமாக உள்ளே வந்த ஒயர் அசடு வழிந்தான். அக்கா பழைய கதை மொத்தத்தையும் கொட்டினாள். மேனேஜரின் முகம் சுருங்கியது.

“அப்போ மத்தவங்களும் உங்க ஆளுங்கதானா?”

“இவன் ஒருத்தன்தான் பொய். மத்த விளக்கெல்லாம் ஜனங்க ஏத்தினது. நம்பிக்கை இல்லேன்னா நீங்களே எடுங்க.”

எரிந்துகொண்டிருந்த விளக்குகளில் ஒன்றைத் தட்டி, மேனேஜர் போனைக் காதில் வைத்தார். மறுமுனை பொரிந்து தள்ளியது. அறை முழுக்கக் கேட்டது.

“யாருய்யா நீ? அக்கா எங்கே? எவ்வளவு நேரமா காத்துக்கிட்டு இருக்கேன்! மனுஷன் பேசணும்னு கூப்பிட்டா, பாட்டைப் போட்டு அறுக்கறீங்களே!”

மேனேஜர் போனை ஒரு தரம் பார்த்தார். பிறகு அக்காவிடம் நீட்டினார்.

“உங்களுக்குத்தான்க்கா,” என்றபடி, பாட்டின் சத்தத்தை அவரே குறைத்தார்.